படபடப்பு சிகிச்சைக் கட்டுரையில் இதயத்தின் அமைப்பை விட்டுவிட்டீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இதயத்துக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு, கோளாறான இடத்தைச் சுட்டு, படபடப்புக்குச் செய்யும் அப்லேஷன் சிகிச்சையைப் பற்றி உங்கள் மருத்துவப் பகுதியில் வந்த கட்டுரையை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து படித்தேன். தமிழில் இதையெல்லாம் யாராவது எழுதுகிறார்களே என்று உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்திருக்கும்போதே இதயம் நிமிஷத்துக்கு 180 முறை அடித்துக்கொண்டு, மயக்கம் வருமோ உயிர் போய்விடுமோ என்று பயந்து வாழும் ஒருவருக்கு, இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது என்ற செய்தியே பாதி மருந்து. ஆனால் கட்டுரை முழுக்க ஒரே பேச்சாக, வீட்டில் ஒயரிங் கோளாறு வந்தால் எலக்ட்ரீசியன் வந்து பார்ப்பதைப் போல, கம்ப்யூட்டர் கோளாறைக் காட்டும், டாக்டர் அந்த இடத்தைச் சுடுவார், மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று முடித்துவிட்டீர்கள். சரி, எலக்ட்ரீசியன் என்றே வைத்துக்கொள்வோம். சுவரில் டிரில் வைப்பதற்கு முன்னால் அதற்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்று அவர் பார்ப்பாரா மாட்டாரா? அந்தக் குழாயைப் பற்றித்தான் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

நான் இங்கே ஒரு மருத்துவமனையின் கேத் லேபில், அதாவது கதீட்டர் வைத்து இதயச் சிகிச்சை செய்யும் அறையில், டெக்னாலஜிஸ்ட். சொந்த ஊர் மதுரைப் பக்கம், கல்யாணமாகி டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவள். டாக்டர் உள்ளே கதீட்டரை நகர்த்த நகர்த்த, வெளியே திரையில் சிக்னலைப் பார்த்து அளந்து சொல்வது என் வேலை. அதனால் கரண்டை நான் குறைத்துப் பேசவில்லை, என் பிழைப்பே அதுதான். ஆனால் அந்த அறைக்குள் ஒவ்வொரு முடிவும் இதயத்தின் அமைப்பைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகிறது. எந்தச் சதை, எவ்வளவு தடிமன், அதற்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் ஒரு சிக்னலைச் சுடக்கூடாது.

சிகிச்சைக்கு வந்த ஒரு ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, என் நெஞ்சுக்குள்ள கரண்டு எங்க இருக்கு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. தனியாக ஒயர் எதுவும் இல்லை, சதைதான். உடலின் மேற்பகுதியில் இருந்து ரத்தம் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை வந்து வலது மேலறையில் சேருகிற இடத்தில் சைனஸ் நோடு என்று ஒரு சிறு சதைத் துண்டு இருக்கிறது, துடிப்பு அங்கே பிறக்கிறது. மேலறைகளில் பரவி, நடுச்சுவரின் அடிப்பக்கம் இருக்கும் ஏவி நோடு என்ற இன்னொரு சதைத் துண்டுக்கு வந்து கொஞ்சம் தாமதித்து, ஹிஸ் கற்றை என்ற சதை இழைகளின் வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் நார்த்திசுவால் ஆன தடுப்பு இருப்பதால், சாதாரண இதயத்தில் கரண்டு கீழே இறங்க அந்த ஒரே வழிதான். பிறவியிலேயே இன்னொரு சதை இழை அந்தத் தடுப்பைத் தாண்டி ஒட்டிக்கொண்டு இருந்துவிட்டால், துடிப்பு ஒரு வழியில் இறங்கி மறு வழியில் ஏறிச் சுற்ற ஆரம்பித்துவிடும். 1930-இல் உல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் மூன்று பேரும் எழுதிய நோய் இதுதான். பார்க்கப்போனால் இது கட்டட அமைப்பில் ஏற்பட்ட குறை, அதனால்தான் அந்த இழை எங்கே தடுப்பைத் தாண்டுகிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் தேடுகிறோம்.

இவற்றைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று பாருங்கள், எல்லாம் இதயத்தை அறுத்து, மெல்லிய சீவல்களாக்கி, நுண்ணோக்கியில் பார்த்தவர்கள். 1893-இல் வில்ஹெல்ம் ஹிஸ் அந்தக் கற்றையை விவரித்தார். ஜப்பானில் இருந்து ஜெர்மனியின் மார்பர்க்குக்குப் போன சுனாவோ தவாரா, அந்தக் கற்றையைப் பின்தொடர்ந்து மேலே போய் ஏவி நோடையும் கீழே போய்க் கிளைகளையும் கண்டு 1906-இல் புத்தகமாகவே எழுதினார். அதே வருடக் கோடையில் இங்கிலாந்தில் மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர், ஆர்தர் கீத்தின் கிராமத்து வீட்டில் உட்கார்ந்து ஒரு அகழெலியின் இதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சைனஸ் நோடு அகப்பட்டது, 1907-இல் இருவரும் வெளியிட்டார்கள். இசிஜி மெஷின் ஆஸ்பத்திரிகளில் பரவுவதற்கு முன்பே நடந்த வேலை இது. இன்றைக்கு நாங்கள் கதீட்டரை வைக்கும் இடங்களெல்லாம் அவர்கள் கத்தியால் காட்டிக்கொடுத்த இடங்கள்.

அப்புறம், உங்கள் கட்டுரையோடு வந்த படம். இதயம் நுனியில் நேராக நிற்கிற மாதிரி, இடது வலது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். நெஞ்சுக்குள் அது அப்படி இல்லை. படுத்த வாக்கில் சாய்ந்து இருக்கிறது. வலது என்று சொல்கிற அறைகள் பெரும்பாலும் முன்னால், நெஞ்செலும்புக்குப் பின்னாலேயே இருக்கின்றன. இடது மேலறைதான் எல்லாவற்றுக்கும் பின்னால், முதுகெலும்புப் பக்கம். அதற்கும் முதுகெலும்புக்கும் நடுவில் உணவுக்குழாய். நீங்கள் விழுங்குகிற சோறு இதயத்தின் பின்சுவரை உரசிக்கொண்டுதான் இறங்குகிறது. வலது கீழறையில் இருந்து ரத்தம் வெளியேறும் பாதை, இடது கீழறையின் வெளியேறும் பாதைக்கு முன்னால் குறுக்கே போகிறது, அதனால் முன்னால் இருந்து வருகிற துடிப்பா பின்னால் இருந்து வருகிற துடிப்பா என்று இசிஜியை வைத்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. எக்ஸ்ரே கருவியை வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தால் மேலறை எது, கீழறை எது என்று பிரிந்து தெரியும். இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தால் இடது எது, வலது எது என்று தெரியும். நேராகப் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஏமாற்றும். இது தெரியாத ஆளுக்கு அந்தத் திரை வெறும் நிழல்.

பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்கிவந்து காட்டுவேன். வலது மேலறையைத் திறந்து வைத்து, இடது மேலறைப் பக்கம் இருந்து போன் டார்ச்சை அடித்தால், நடுச்சுவரில் ஒரே ஒரு இடம் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்கு, நீள்வட்டமாகச் சிவந்து ஒளி விடும். மற்ற இடமெல்லாம் இருட்டு. அந்த மெல்லிய இடம்தான் நீள்வட்டக் குழி, கருவில் இருந்தபோது ரத்தம் கடந்த வாசல். படத்தில் இரண்டு மேலறைக்கும் நடுவில் ஒரு பெரிய சுவர் முழுக்கப் போட்டிருப்பார்கள். உண்மையில் ஊசி பாதுகாப்பாகக் கடக்கக்கூடிய சுவர் அந்தக் குழியும் அதன் விளிம்பும் மட்டும்தான். அதற்கு மேலேயும் பின்னாலேயும் இருப்பது வெளிச்சுவர் உள்ளே மடிந்த மடிப்பு, நடுவில் கொழுப்பு. முன்னால் பெருந்தமனி. இடது மேலறைக்குள் போவதற்கு டாக்டர் வலது பக்கம் இருந்து ஊசியால் இந்தச் சுவரைத் துளைக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனால் ஊசி இதயத்தை விட்டே வெளியே போகலாம், பெருந்தமனிக்குள் போகலாம். இதயத்தைச் சுற்றியிருக்கும் உறைக்குள் ரத்தம் சேர்ந்து அதை அழுத்த ஆரம்பித்தால் சில நிமிடங்களில் பிரஷர் இறங்கிவிடும், உடனே ஊசி போட்டு வடித்தாக வேண்டும். அதனால்தான் எக்கோ என்ற ஒலியலை ஸ்கேனில் அந்த மெல்லிய இடம் ஊசி நுனியில் கூம்பாக எழும்புவதைப் பார்த்த பிறகே துளைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதைப் புத்தகத்தில் பத்துத் தடவை படித்துக் காட்டினாலும் ஏறாதது, அந்த டார்ச் வெளிச்சத்தில் ஏறிவிடுகிறது.

உங்கள் கட்டுரை பெரும்பாலும் பேசிய எஸ்.வி.டி. வகைக்கு வருகிறேன். திடீரென்று சுவிட்சைப் போட்ட மாதிரி ஆரம்பித்து, திடீரென்று நிற்கும் படபடப்பு. அதில் மிகச் சாதாரணமானது, ஏவி நோடை ஒட்டி வேகமான பாதை, மெதுவான பாதை என்று இரண்டு இருந்து, துடிப்பு அவற்றுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது. மெதுவான பாதையைச் சுட்டால் நோய் தீரும். ஏவி நோடு சுடப்பட்டால் மேலறைத் துடிப்பு கீழே இறங்காது, வாழ்நாள் முழுக்க பேஸ்மேக்கர். இரண்டும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன தெரியுமா? வால்ட்டர் காக் என்பவர் பெயரில் வலது மேலறையின் அடியில் ஒரு முக்கோணம் இருக்கிறது. ஒரு பக்கம் மூவிதழ் வால்வின் இதழ் ஒட்டியிருக்கும் கோடு, இன்னொரு பக்கம் டொடாரோ தசைநார், அடிப்பக்கம் இதயத்தின் சொந்த ரத்தம் திரும்பி வரும் கொரோனரி சைனஸின் வாய். முக்கோணத்தின் உச்சியில் ஏவி நோடும் ஹிஸ் கற்றையும். அடியில், அந்த வாய்க்குப் பக்கத்தில் மெதுவான பாதை. முழு முக்கோணமும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கிவிடும், சிலருக்கு இன்னும் சின்னதாக இருக்கும். இந்தக் கோடுகளில் எதுவும் எக்ஸ்ரேயில் தெரியாது. ஹிஸ் சிக்னல் எங்கே பதிவாகிறது என்று முதலில் குறித்துக்கொண்டு, கொரோனரி சைனஸுக்குள் ஒரு கதீட்டரை வைத்து அதன் வாயைத் தெரிந்துகொண்டு, இரண்டுக்கும் நடுவில் கீழ்ப்பக்கமாகவே இருந்து வேலை செய்ய வேண்டும். சுடும்போது என் கண் திரையை விட்டு அகலாது. மெதுவான பாதை சூடாகும்போது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருந்து துடிப்புகள் வரும், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்தத் துடிப்பு மேலறைக்குத் திரும்பி ஏறாமல் ஒன்று விட்டுப்போனாலும் நான் "ஆஃப்" என்று சொல்வேன், டாக்டர் அந்தக் கணமே சூட்டை இயக்கும் பெடலில் இருந்து காலை எடுப்பார். நல்ல கைகளில் பேஸ்மேக்கர் வரைக்கும் போவது நூற்றில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவு. அந்த எண்ணிக்கை அவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் மெஷின் மட்டுமல்ல, அந்த முக்கோணத்தை மதிக்கிற பழக்கம். கட்டுரையில் அபாயம் மிகக் குறைவு என்று போட்டுவிட்டு ஏன் குறைவு என்று சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம்.

அடுத்தது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும் கோளாறு, வயதானவர்களுக்கு அதிகம் வருவது, பக்கவாதத்துக்கு வழிவிடுவது. இதில் திருப்புமுனை 1998-இல் பிரான்ஸின் போர்தோ நகரில் மிஷல் ஹைசகேரின் குழு வெளியிட்ட ஆய்வு. நுரையீரலில் இருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள்ளே மேலறைச் சதை கொஞ்ச தூரம் ஏறிப்போய் இருக்கிறது, கோளாறைத் தூண்டும் துடிப்புகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன என்று காட்டினார்கள். 45 நோயாளிகள், தூண்டும் இடங்களில் 94 சதவீதம் அந்தச் சிரைகளுக்குள். அதன் பிறகுதான் அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றிலும் சுட்டோ உறையவைத்தோ மேலறையில் இருந்து துண்டிக்கும் முறை வந்தது. ஆக, உலகம் முழுக்க இன்று நடக்கும் சிகிச்சையே ஒரு சதை எதுவரை நீண்டிருக்கிறது என்ற உடற்கூறு உண்மையின் மேல் நிற்கிறது. எல்லோருக்கும் இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு என்று ஒழுங்காக நாலு சிரைகள் இருக்கும் என்று நினைக்காதீர்கள். சிலருக்கு இடது இரண்டும் சேர்ந்து ஒரே வாயாக இருக்கும், சிலருக்கு வலது பக்கம் மூன்றாவது ஒன்று இருக்கும். முன்கூட்டியே சிடி எடுத்துப் பார்ப்பது இதற்காகவும்தான், காசு பிடுங்க என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை.

இந்தச் சிரைகளின் அண்டைவீட்டாரைப் பாருங்கள். வலது மேல் சிரைக்கு முன்னால், மேற்பெருஞ்சிரையை ஒட்டி, பிரெனிக் நரம்பு இறங்குகிறது. உதரவிதானத்தை அசைத்து நாம் மூச்சு விட உதவும் நரம்பு. சிரையின் வாயில் பலூனை வைத்து மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே உறையவைக்கும்போது அந்தக் குளிர் நரம்பையும் தொட்டுவிடலாம். அதற்கு நாங்கள் செய்வது மிக எளிமையானது. மேற்பெருஞ்சிரையில் ஒரு கதீட்டரை வைத்து அந்த நரம்பைத் தொடர்ந்து தூண்டிக்கொண்டே இருப்போம், ஒருவர் நோயாளியின் விலா எலும்புக்குக் கீழே வலது பக்கம் கையை வைத்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு தூண்டலுக்கும் உதரவிதானம் கையை உதைக்கும், விக்கல் மாதிரி. உறையும் நேரம் முழுக்க உதை ஒரே பலமாக இருக்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் நிறுத்தச் சொல்லி, பலூனை உடனே சுருக்கிவிடுவார்கள். இத்தனை லட்ச ரூபாய் கருவிகளுக்கு நடுவில், ஒரு உள்ளங்கையின் கீழே ஒரு நரம்பு பிழைக்கிறது. நான் அப்படி நிற்கும்போதெல்லாம் வேறு எதையும் நினைப்பதில்லை.

பின்பக்கம் உணவுக்குழாய். இதுதான் இந்தக் கடிதம் எழுத முக்கியக் காரணம். இடது மேலறையின் பின்சுவர் சில மில்லிமீட்டர் தடிமன்தான், அங்கே சுடும்போது அந்தச் சூடு உணவுக்குழாய்க்குப் போய்ப் புண்ணாகி, மிக அபூர்வமாக இரண்டுக்கும் நடுவில் துளை விழுந்துவிடலாம். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. வருவது சிகிச்சை முடிந்த உடனே அல்ல, பெரும்பாலும் 2 முதல் 4 வாரம் கழித்து, சில நேரம் 2 மாதம் வரைக்கும்கூட. அந்தச் சமயத்தில் ஆள் வீட்டில் நன்றாக இருப்பார், திடீரென்று காய்ச்சல், குளிர், நெஞ்சு வலி, விழுங்கக் கஷ்டம், அல்லது பக்கவாதம் போல ஒரு பக்கம் இழுக்கும். பக்கத்துக் கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, இதயத்தில் நடந்த சிகிச்சைக்கும் இந்தக் காய்ச்சலுக்கும் தொடர்பு இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே. தொண்டை வழியாகக் குழாய் விட்டு எண்டோஸ்கோபி செய்தால் அதில் ஊதும் காற்று அந்தத் துளை வழியாக இதயத்துக்குள் புகுந்து மூளைக்குப் போகலாம், அதனால் முதலில் நெஞ்சு சிடி எடுக்க வேண்டும், அப்லேஷன் செய்த டாக்டருக்கு உடனே தகவல் போக வேண்டும். "மறுநாள் வீட்டுக்குப் போகலாம்" என்று முடித்த உங்கள் கட்டுரையில் இந்த நாலு வரி இருந்திருந்தால் எங்கேயோ ஒரு குடும்பம் சரியான நேரத்தில் போன் எடுத்திருக்கும்.

இப்போது புதிதாக, சூடும் குளிரும் இல்லாமல், நொடிக்கும் குறைந்த மின்துடிப்புகளால் இதயச் சதையை மட்டும் குறிவைக்கும் முறை வந்திருக்கிறது, அமெரிக்காவில் 2023 கடைசியில் அனுமதி கிடைத்தது. உணவுக்குழாய்க்கும் நரம்புக்கும் இது நல்ல செய்தி, நானும் வரவேற்கிறேன். ஆனால் இனிமேல் அமைப்பைப் பற்றிக் கவலை இல்லை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள், அது சரியில்லை. இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் தமனிக்குப் பக்கத்தில் அந்த மின்துடிப்பைக் கொடுத்தால் தமனி சுருங்கிக்கொள்கிறது. மூவிதழ் வால்வுக்கும் கீழ்ப்பெருஞ்சிரைக்கும் நடுவில் உள்ள சதைப் பாலத்தைச் சுடுவது ஃப்ளட்டர் என்ற கோளாறுக்கு வழக்கமான சிகிச்சை, அதற்குச் சில மில்லிமீட்டர் தள்ளி வலது கொரோனரி தமனி ஓடுகிறது. புதுக் கருவி வந்தால் பழைய அண்டைவீட்டார் காலி செய்துகொண்டு போய்விடுவதில்லை. அதே மாதிரிதான் திரையில் தெரியும் முப்பரிமாண வண்ணப் படமும். நோயாளிகளின் பிள்ளைகள் அதைப் பார்த்து, இதயத்தையே நேரில் பார்ப்பதாக நினைக்கிறார்கள். அது கதீட்டர் தொட்ட புள்ளிகளை இணைத்துக் கம்ப்யூட்டர் வரைந்த உட்பரப்பு, அவ்வளவுதான். தொடாத மூலை அதில் இருக்காது, சுவரின் தடிமன் அதில் தெரியாது, நோயாளி ஆழமாக மூச்சு இழுத்தால் எல்லாம் சில மில்லிமீட்டர் நகரும். அதை எப்படிப் படிப்பது என்பது பார்ப்பவரின் தலைக்குள் இருக்கும் உண்மையான இதயத்தைப் பொறுத்தது.

இந்த நாட்டில் இருந்துகொண்டு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேப் டவுனின் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் 1967 டிசம்பர் 3-ஆம் தேதி கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தது எல்லோருக்கும் தெரியும். அதில் பயன்பட்ட தையல் முறை ஸ்டான்ஃபோர்டில் லோயரும் ஷம்வேயும் உருவாக்கியது. அந்த முறையில் கொடையாளி இதயத்தின் வலது மேலறையை இரண்டு பெருஞ்சிரைகளுக்கும் நடுவில் நேராக வெட்டுவார்கள், அந்த வெட்டு சைனஸ் நோடு பக்கத்தில் போகும். பர்னார்ட் பிறகு அந்த வெட்டைத் திருப்பி, கீழ்ப்பெருஞ்சிரையில் இருந்து மேலறையில் காது மடல் போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிப் பக்கமாகக் கொண்டுபோனார், நோடு தப்பித்தது. ஒரு கத்திக் கோட்டைக் கொஞ்சம் திருப்பியதில் புது இதயத்தின் தாளமே காப்பாற்றப்பட்டது என்றால், அமைப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். அந்தப் பழைய முறையில் மாற்று இதயம் பெற்றவர்களின் இசிஜியில், அவர்களது சொந்த மேலறையின் மிச்சம் ஒரு தாளத்திலும் புது இதயம் இன்னொரு தாளத்திலும் துடிப்பது தெரியும், நடுவில் இருக்கும் தையல் தழும்பைக் கரண்டு தாண்டாது.

இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. ருமாட்டிக் காய்ச்சலால், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவர்கள் இந்த நாட்டில் இன்னும் நிறைய. வருடக்கணக்கில் ரத்தம் தேங்கித் தேங்கி இடது மேலறை பெரிதாகிவிடும், நடுச்சுவர் வலது பக்கம் புடைத்துக்கொண்டு வரும். நான் மேலே சொன்ன அந்த மெல்லிய குழி இருக்கும் இடமே மாறிப்போகும். நன்றாக இருக்கும் இதயத்தில் கற்றுக்கொண்ட கணக்கை அப்படியே இங்கே போட்டால் ஊசி தவறிவிடும். உங்கள் வாசகர்கள் பலரும் ஊரில் இதே வால்வு நோயோடு இருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒருநாள் சிகிச்சை என்று எழுதுவது அவர்களுக்குப் பொருந்தாது.

அப்புறம் பேஸ்மேக்கர். இடது தோளுக்குக் கீழே சிரை வழியாக ஒயரை விட்டால், அது நெஞ்சைக் கடந்து வலது பக்கம் வந்து இறங்க வேண்டும். ஒருவருக்கு ஒயர் கடக்காமல் முதுகெலும்புக்கு இடது பக்கமாகவே நேராகக் கீழே இறங்கியது. அறையில் எல்லோரும் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டோம். டாக்டர் பதறாமல் கொஞ்சம் மருந்தைச் செலுத்திப் படம் பார்த்தார், கருவில் மறைந்திருக்க வேண்டிய இடது மேற்பெருஞ்சிரை அந்த நோயாளிக்கு மறையாமல் இருந்து கொரோனரி சைனஸில் போய்ச் சேர்ந்தது. ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இப்படி இருக்கும், வாழ்நாளில் தெரியவே தெரியாது. டாக்டர் அந்த வழியாகவே ஒயரை வளைத்துக் கொண்டுபோய்க் கீழறையில் சேர்த்தார். தெரியாதவர் கையில் அது எங்கே போய் முட்டியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பதைக்கிறது. அந்த நோயாளியின் மகனிடம் நான் சொன்னது, இதை டிஸ்சார்ஜ் தாளில் எழுதச் சொல்லி வாங்கிப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, நாளைக்கு வேறு எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைக் காட்டுங்கள் என்று.

இவையெல்லாம் எங்கே கற்றுக்கொள்ளப்படுகின்றன என்று கேட்டால், கடைசியில் கொடுக்கப்பட்ட உடல்களில்தான். இதயத் துடிப்பு சிகிச்சைக்காக உடற்கூறை மறுபடி கையில் எடுத்திருப்பவர்களில் லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டாக்டர் கல்யாணம் சிவகுமாரின் குழு முக்கியமானது. நாஜி காலத்தில் கொல்லப்பட்டவர்களின் உடல்களைப் பயன்படுத்தி வரையப்பட்ட வியன்னா படத்தொகுப்புக்கு மாற்றாக, மனமுவந்து கொடுத்தவர்களின் உடல்களை வைத்துப் புதிய படங்களை உருவாக்கும் வேலையையும் அவர்கள் எடுத்துச் செய்கிறார்கள். நம் குடும்பங்களில் இதைப் பேசுவதே கஷ்டம், எனக்குத் தெரியும். மாமனார் காலமானபோது காரியம் எல்லாம் முறைப்படி நடந்தாக வேண்டும் என்பதில் நானே பிடிவாதமாக இருந்தேன். ஆனாலும் தென்னாப்பிரிக்காவில் 2003-ஆம் வருட தேசிய சுகாதாரச் சட்டப்படி, உயிலில் எழுதியோ இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டோ உடலை மருத்துவக் கல்விக்குக் கொடுக்கலாம். நான் கையெழுத்துப் போட முடிவு செய்திருக்கிறேன், வீட்டில் பேச்சு இன்னும் முடியவில்லை.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் சின்னது. அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக ஒரு அரைப்பக்கம் ஒதுக்குங்கள். நெஞ்சுக்குள் இருக்கிற வாக்கில் இதயத்தின் படம் ஒன்று, பின்னால் உணவுக்குழாயும் பக்கத்தில் அந்த நரம்பும் தெரிகிற மாதிரி. சிகிச்சைக்குப் போகிறவர்கள், எந்த அறையில் வேலை நடக்கப்போகிறது, அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது, அதைக் காப்பாற்ற என்ன செய்வீர்கள் என்று டாக்டரிடம் கேட்கலாம், கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபப்படமாட்டார், படம் வரைந்தே காட்டுவார். முன்னால் இதய அறுவை நடந்திருந்தால், பிறவியில் ஓட்டை இருந்து அடைத்திருந்தால், ஏதாவது ஸ்கேனில் சிரை வேறு மாதிரி இருக்கிறது என்று யாராவது எழுதியிருந்தால், அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். இடது மேலறையில் அப்லேஷன் முடிந்து 2 மாதம் வரைக்கும் காய்ச்சலோ விழுங்க வலியோ வந்தால், சிகிச்சை செய்த இடத்துக்கு அன்றைக்கே போன் செய்ய வேண்டும், இந்த ஒன்றை மட்டும் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
கேத் லேப் டெக்னாலஜிஸ்ட்டான ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்,
தென்னாப்பிரிக்கா